குந்தி நின்ற லாரி

27.11.2003, வியாழன்.
இன்று செய்தது: பல்சக்கரம் ஒன்று, முன்தோற்றமும் பக்கத்தோற்றமும்.
தவறு: அப்பாவின் லாரிக்காக நான் வரைந்து கொடுத்த படத்தில் பின்பக்க ஸ்பிரிங்கின் வளைவு தலைகீழாக இருக்கிறது. வரைந்தது செப்டம்பரில். தெரிந்தது இன்று. சிறிய தவறுதான். சிறியதுதானா என்று தெரியவில்லை.
நாளைய வேலை: அப்பாவிடம் சொல்வது.

எழுதி முடித்துவிட்டு மதிவதனி கடைசி வரியை இன்னொரு முறை படித்தாள். அழிக்கலாமா என்று யோசித்தாள். பேனாவில் எழுதியது அழியாது. அதனால்தான் ராஜமாணிக்கம் சார் பேனாவில் எழுதச் சொல்லியிருந்தார்.

போளூர் ரோட்டு மாடியில் மாலை நேர வரைபட வகுப்பு நடத்துகிறவர் அவர். பகலெல்லாம் ஜெராக்ஸ் கடையில் நின்றுவிட்டு ஆறு மணிக்கு மதிவதனி அங்கே போய் உட்காருவாள். தினமும் மூன்று விஷயம் எழுத வேண்டும் என்பது சாருடைய சட்டம்: செய்தது, தவறு, நாளைய வேலை. மற்ற பிள்ளைகள் தவறு என்ற இடத்தில் கோடு போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். மதிவதனிக்கு மட்டும் அந்த இடம் எப்போதும் போதாது.

அன்றைக்கு சார் கரும்பலகையில் லாரி ஸ்பிரிங் வரைந்தார். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய இரும்புப் பட்டைகள். இரண்டு முனையும் மேலே தூக்கி, நடுவில் இறங்கி, சிரிக்கிற வாய் போல இருந்தது. "காலி வண்டின்னா இப்படிச் சிரிக்கும். லோடு ஏறிச்சுன்னா வாயை மூடிக்கும், நேர்க்கோடு மாதிரி ஆயிடும்" என்றார். மதிவதனியின் பென்சில் நின்றுவிட்டது. அவள் வரைந்த ஸ்பிரிங் சிரிக்கவும் இல்லை, வாயை மூடவும் இல்லை. முனைகள் தொங்கி, நடுப்பகுதி மேலே எழும்பி, கோபித்துக்கொண்ட குழந்தையின் உதடு மாதிரி இருந்தது. அப்படியும் ஒரு நிலை உண்டா என்று எழுந்து கேட்க வாய் வரவில்லை. கேட்டு, எல்லோரும் திரும்பிப் பார்த்தால்? தான் வரைந்ததுதான் தப்பு என்று முடிவு கட்டிக்கொண்டாள். அவளுக்கு அது பழகிய முடிவு.

அந்தப் படத்தைப் பார்த்துப் பார்த்துத்தான் அப்பா பட்டைகளை வளைத்திருந்தார். வண்டி ஏறக்குறைய முடிந்துவிட்டது.

*

அப்பா சகாதேவனுக்கு ஐம்பத்து மூன்று வயது. செங்கம் ரோட்டில், ஆசிரமத்தைத் தாண்டி உள்ள ஒரு தங்கும் விடுதியில் கணக்கு எழுதுகிறார். அந்த விடுதிக்கு ஏப்ரல் மாதம் ஒரு ஜெர்மன்காரர் வந்தார். அறுபது வயதுக்கு மேல் இருக்கும். மூன்று மாதம் தியானம் செய்ய வந்திருப்பதாகச் சொன்னார். அறைக்கதவைச் சாத்தினால் டீக்குக்கூட வெளியே வரமாட்டார். ஆழ்ந்த தியானம் என்று விடுதியே அவர் அறை வாசலில் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தது. ஒருநாள் குழாயில் தண்ணீர் வருகிறதா என்று கேட்கக் கதவைத் தட்டிய சகாதேவன், திறந்த கதவுக்குள் பார்த்தது கட்டில்மேல் நின்ற ஒரு லாரியை. ஒரு முழ நீளம். பாதி ஒட்டியிருந்தது. பக்கத்தில் பசை, இடுக்கி, துணி. ஜெர்மன்காரர் திருடி மாட்டிக்கொண்டவர் போலச் சிரித்தார். சகாதேவன் தண்ணீரைப் பற்றிக் கேட்காமலே கட்டிலோரம் உட்கார்ந்துவிட்டார்.

அன்று வீட்டுக்கு வந்தபோது அவர் பையில் ரம்ப பிளேடு ஒன்றும் ஒட்டுப்பலகைத் துண்டுகளும் இருந்தன.

"அவரு தியானம் பண்ண வந்து லாரி செய்யறாரு. நீங்க கணக்கு எழுதப் போயி லாரி செய்யறீங்க" என்றாள் அம்மா தங்கம்மாள். "இனிமே லாரி ஓட்றவன்தான் தியானம் பண்ணணும்போல."

சகாதேவன் செப்டம்பர் வரை துண்டுகளை வெட்டி ஒட்டிக் கை பழகினார், பிறகு வண்டியில் இறங்கினார். எண்ணெய் டின்னை வெட்டிக் கேபின் செய்தார். பார்சல் கட்டி வரும் இரும்புப் பட்டையைக் கீறி ஸ்பிரிங் செய்தார். சைக்கிள் கம்பி அச்சாகியது. டயருக்கு மட்டும் ஒன்றும் ஒத்து வராமல் ஒரு வாரம் வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்தார். அதன்பின் தங்கம்மாளின் ரப்பர் செருப்பில் ஒன்று காணாமல் போனது.

"ஜோடியா எடுத்திருந்தாலும் மனசு ஆறியிருக்கும்" என்றாள் தங்கம்மாள். "ஒத்தச் செருப்ப வச்சிகினு நான் எங்க போறது? நொண்டி ஆடறதா?"

இப்படி அவள் கேலி செய்ய ஒரு தகுதி இருந்தது. கதை முழுக்க அவளுக்குத்தான் தெரியும். தெரிந்ததோடு நிற்காமல் ஒவ்வொரு தீபாவளிக்கும் சொல்லிவிடுவாள்.

எழுபத்தெட்டில் அவர்களுக்குத் தலை தீபாவளி. கீழ்பென்னாத்தூரில் மாமனார் வீடு. புது மாப்பிள்ளை சகாதேவன், தான் எட்டு மாதம் பாடுபட்டுச் செய்த லாரியைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு போயிருந்தார். மோதிரம் போட்ட மாமனார் வீட்டுக்குத் தன் பங்குக்கு ஏதாவது காட்ட வேண்டும் என்று ஆசை. மச்சான் பலராமனுக்கு அப்போது பதினைந்து வயது. லாரியை நாலு பக்கமும் சுற்றிப் பார்த்தான். "எல்லாம் சரி மாமா, மாடு எங்க கட்டறது?" என்று கேட்டான். கேட்டதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. பக்கத்து வீட்டு ஆட்டுக்குட்டியைப் பிடித்து வந்து கட்டிவிட்டான். அது லாரியை இழுத்துக்கொண்டு தெருக்கோடி வரை ஓடியது. தெருவே சிரித்தது. சகாதேவனும் சிரித்தார். ஊருக்குத் திரும்பியதும் லாரியைப் பரணில் போட்டார். அதைக் கரையான் தின்றது. அதற்குப் பிறகு அவர் ஒரு ஆணிகூட அடித்ததில்லை. சுவரில் காலண்டர் மாட்டவும் ஆள் கூப்பிடுவார்.

அம்மா இதைச் சொல்லும்போதெல்லாம் அப்பாவும் கூடச் சிரிப்பார். காது மட்டும் சிவந்திருக்கும். மதிவதனி அந்தக் காதைப் பார்த்து வளர்ந்தவள்.

அந்த ஆட்டுக்குட்டி கட்டிய பலராமன் இன்றைக்கு லாரி முதலாளி. ஒரே லாரிதான், ஆனாலும் முதலாளி. நெற்றியில் 'திரௌபதி அம்மன் துணை' என்று எழுதிய வண்டி. சகாதேவன் செய்யத் தீர்மானித்தது அந்த வண்டியைத்தான்.

"இந்தத் தடவ கண்ணால பார்த்துச் செய்யக்கூடாது, அளந்து செய்யணும்" என்று செப்டம்பரில் டேப்பை மதிவதனி கையில் கொடுத்தார். "இருபதுல ஒரு பங்கு. அவன் வண்டியையே செய்து அவன் முன்னாடி வைக்கணும். பாராட்டெல்லாம் வேணாம்மா. பார்த்துட்டு வாயை மூடிகினு போனா போதும். போனான்னா நான் பாட்டுக்கு இன்னும் நாலு செய்வேன். மறுபடி மாடு, ஆடுன்னான்னா, இந்த வயசுல எனக்கு எதுக்கு இது? விட்டுடுவேன்."

மதிவதனி ஒரு ஞாயிற்றுக்கிழமை கீழ்பென்னாத்தூர் போய் அளந்தாள். ரைஸ் மில் ஓரம் வண்டி நின்றது. நெல் மூட்டை ஏற்றித் தார்பாய் கட்டியிருந்தது. பலராமன் ஊரில் இல்லை. டிரைவர் சடையன் கிளம்பும் அவசரத்தில் இருந்தார்.

"லோடு இருக்குதே, பரவால்லயாண்ணா?"

"கம்மி லோடும்மா. காலி வண்டி மாதிரிதான். நீ சட்டுனு அளந்துக்கோ."

சட்டென்று அளப்பது மதிவதனிக்கு வராது. ஒவ்வொன்றையும் இரண்டு முறை அளந்தாள். சடையன் மூன்று முறை ஹாரன் அடித்தார்.

*

வெள்ளிக்கிழமை அப்பாவிடம் சொல்ல முடியவில்லை. அவர் லாரியின் நெற்றியில் எழுத்து எழுதிக்கொண்டிருந்தார். ஒற்றை முடித் தூரிகையைப் பிடித்து, மூச்சை அடக்கி, 'திரௌபதி' வரை வந்திருந்தார். அந்த நேரத்தில் ஸ்பிரிங் பேச்சை எடுத்தால் அம்மன் கோணிக்கொள்வாள். 'நாளைய வேலை: அதே' என்று எழுதிவைத்தாள்.

சனிக்கிழமை சொல்லியே ஆக வேண்டும். மறுநாள் பலராமன் மாமாவும் எல்லம்மாள் அத்தையும் கார்த்திகைச் சீர் கொண்டு வருகிறார்கள். முதலில் சமையலறையில் அம்மாவிடம் சொல்லிப் பார்த்தாள்.

"ஸ்பிரிங்கு எங்க இருக்குது?"

"அடியில, பின்சக்கரத்துக்கு மேலே."

"அடியில இருக்கறத யாரு குனிஞ்சு பார்க்கப் போறாங்க?"

"மாமா பார்ப்பாரு. லாரிக்காரரு."

தங்கம்மாள் தாளிப்புக் கரண்டியை இறக்கிவைத்தாள். "ஆமாம், அவன் பார்ப்பான். போ, போய்ச் சொல்லிடு. உன் மொகத்த வச்சிகினு நீ சொல்லலன்னாலும் தெரிஞ்சுடும்."

சகாதேவன் முழுவதையும் கேட்டார். வண்டியைத் திருப்பி அடிப்பக்கம் பார்த்தார். விரலால் பட்டையைத் தடவினார். திட்டியிருந்தால் மதிவதனிக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

"பசை இறுகிடுச்சு. கழட்டினா பாடியே பிஞ்சு வரும்."

"மன்னிச்சிடுங்கப்பா. ரெண்டு தடவ அளந்தேன். வரையறப்போ தலைகீழாப் போட்டுட்டேன்போல."

"பரவால்லம்மா. நானும்தான் பார்த்துப் பார்த்து வளைச்சேன். எனக்கும் தோணலையே. லாரி செய்யறவனுக்கு ஸ்பிரிங்கு தெரியலன்னா மாடுதான் கட்டணும்" என்று சிரித்தார். காது சிவந்திருந்தது. வண்டியைத் துண்டில் சுற்றி, ஸ்டூல்மேல் ஏறிப் பரணில் வைத்தார்.

அன்று எழுத உட்கார்ந்தபோது தவறு என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று மதிவதனிக்குத் தெரியவில்லை. கோடு போட்டாள். வாழ்க்கையில் முதல் கோடு.

*

ஞாயிறு காலை ஹாலுக்கு வந்தவள் அப்படியே நின்றாள். டிவிக்குப் பக்கத்தில், பூப்போட்ட விரிப்பின்மேல் லாரி நின்றது. முன்னால் ஒரு செம்பருத்திப் பூ வேறு.

"தங்கம்! யாரு இத எறக்கினது?" என்று சகாதேவன் பதறினார்.

"நான்தான். ஏழு மாசம் என் வீட்ட மரத்தூளாக்கிச்சு. என் செருப்பத் தின்னுச்சு. ஒருநாளாவது நாலு பேரு பார்க்கட்டும். பரண்ல வக்கறதுக்கா நான் செருப்பு குடுத்தேன்?"

"நீ எங்க குடுத்த?"

"கேட்டிருந்தா குடுத்திருப்பேன்."

மறுபடி எடுத்து மறைக்க நேரமில்லை. வாசலில் பலராமனின் குரல் செருப்புக்கு முன்பே உள்ளே வந்துவிட்டது.

"இன்னா மாமா! லாரி வாங்கிட்டீங்களாமே, ஊரெல்லாம் பேச்சு! பர்மிட்டு எல்லாம் எடுத்தாச்சா?"

பின்னால் எல்லம்மாள் சீர்த்தட்டோடு வந்தாள். புடவை, பொரி, வெல்லம், மல்லாட்டைக் கடலை ஒரு பை. தட்டைத் தங்கம்மாள் வாங்கிக்கொள்வதற்குள் பலராமன் டிவி பக்கம் குந்திவிட்டான்.

"ஏய், இது நம்ம வண்டி! எல்லம்மா, இங்க வாயேன்! இதோ பாரு, இடது பக்கம் மட்காடு நசுங்கினது கூட இருக்குது. அவலூர்பேட்டையில மாட்டு வண்டிக்காரன் இடிச்சது!" பலராமனின் குரலில் கேலி இல்லை. கண்ணாடியைத் தொட்டான், ஸ்டெப்னியைத் தொட்டான், நெற்றி எழுத்தைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டான். வாசற்படியில் நின்ற சகாதேவன் மூச்சு விடாமல் பார்த்துக்கொண்டிருந்தார். வாயை மூடிக்கொண்டு போனால் போதும் என்ற இடம் வரைக்கும் வந்தாகிவிட்டது.

ஆனால் வாயை மூடினால் அது பலராமன் இல்லை.

"எல்லாம் சரி மாமா" என்று திரும்பினான். "இந்தத் தடவ மாடு எங்க கட்டறது?"

சகாதேவன் சிரித்தார். மதிவதனி காதைப் பார்க்காமல் தரையைப் பார்த்தாள். தங்கம்மாள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் லாரிக்குப் பின்னால் குனிந்திருந்த எல்லம்மாள் கேட்டாள்:

"ஏங்க, இது இன்னா பின்னாடி இப்படிக் குந்திகினு இருக்குது?"

பலராமன் குனிந்து பார்த்தான். அவன் சிரிப்பு பாதியில் நின்றது. "அது ஒண்ணுமில்ல. மாமா பட்டையத் திருப்பி வச்சிட்டாரு. பழக்கம் இல்லல்ல" என்று லாரியை மெல்லச் சுவர்ப்பக்கமாகத் திருப்பிவைக்கப் பார்த்தான்.

"அப்பா மேல தப்பில்ல" என்று மதிவதனி முந்திக்கொண்டாள். "நான்தான் அத்தை தலைகீழா வரைஞ்சு குடுத்துட்டேன். வண்டி மட்டமும் பின்னாடி எறங்கியிருக்குது. எல்லாம் என் தப்புதான்."

எல்லம்மாள் பலராமனின் கையை லாரியிலிருந்து எடுத்துவிட்டாள். "இரு கண்ணு. நீயா மனசுல நெனச்சு வரைஞ்சியா, பார்த்து வரைஞ்சியா?"

"பார்த்துத்தான். அளந்துதான்."

"வண்டியில லோடு இருந்துச்சா?"

"இருந்துச்சு. ஆனா சடையண்ணன் கம்மி லோடுன்னாரு."

"என்னிக்கு?"

இந்த மாதிரிக் கேள்விக்கு மட்டும் மதிவதனிக்குத் தயக்கம் கிடையாது. "செப்டம்பர் பதினாலு. ஞாயித்துக்கிழமை, பகல் பதினொரு மணி. ரைஸ் மில் ஓரமா."

"விழுப்புரம் லோடு" என்றாள் எல்லம்மாள். திரும்பாமலேயே, "நூறு மூட்டைன்னு சொன்னீங்க" என்றாள்.

"நூறுதான்" என்றான் பலராமன். "பொண்ணு சின்னப் பொண்ணு. டேப்பு புடிக்கறதுல கொஞ்சம் முன்ன பின்ன ஆயிருக்கும். இல்ல மதி?"

இருக்கலாம் மாமா என்று மதிவதனியின் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. வாசற்படியிலிருந்து சகாதேவன் பேசினார்.

"அவ எதையும் ரெண்டு தடவ அளப்பா, மச்சான். ரசத்துல உப்புப் போட்டமான்னு ரெண்டு தடவ யோசிச்சு ரெண்டு தடவையும் போடுவா. அத நாங்க குடிச்சிருக்கோம். ஆனா டேப்புல தப்பு வராது."

அவர் அதைச் சத்தமாகச் சொல்லவில்லை. மதிவதனிக்கு மட்டும் சத்தமாகக் கேட்டது.

எல்லம்மாள் தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்துவிட்டாள். "போன வருஷம் சோமாசிபாடிகிட்ட பட்டை ஒடைஞ்சு வண்டி நடுரோட்டுல நின்னுச்சே, அண்ணி, அன்னிக்கு மெக்கானிக்கு என்னைக் கூப்ட்டுக் காட்டினான். 'காலியா இருந்தா சிரிக்கும், அளவான லோடுன்னா நேரா நிக்கும், அளவ மீறி ஏத்தினா இப்படி வாயைத் தொங்கப் போட்டுக்கும், அப்புறம் ஒடைஞ்சுடும்'னு. இதே வாயிதான். அப்படியே இருக்குது. அன்னிக்கு இவரு திரௌபதி அம்மன் கோயில்ல கற்பூரம் கொளுத்தி, இனிமே ஜாஸ்தி ஏத்த மாட்டேன்னு சத்தியம் பண்ணாரு." இப்போதுதான் திரும்பினாள். "எத்தினி மூட்ட?"

பலராமன் தங்கம்மாளைப் பார்த்தான். அக்கா வெல்லத்தைப் பிரித்துச் சுவை பார்த்துக்கொண்டிருந்தாள். தம்பியைக் காப்பாற்றும் எண்ணம் அந்த முகத்தில் துளியும் இல்லை.

"நூத்தி இருவது..."

"அம்மன் பேரு எதிர்லயே எழுதியிருக்குது."

"நூத்தி அறுவது" என்றான் பலராமன்.

சகாதேவன் உள்ளே வந்து, லாரியின் முன்னால் குனிந்து, சாய்ந்திருந்த செம்பருத்தியை நிமிர்த்திவைத்தார்.

"மாடு கட்டாததும் நல்லதுதான், மச்சான்" என்றார். "இந்த லோடப் பார்த்தா மாடு படுத்துகினே இருக்கும், எழுந்திருக்காது."

முதலில் சிரித்தது தங்கம்மாள். வெல்லம் புரையேறிவிட்டது. எல்லம்மாள் கோபத்தை விடாமலே சிரித்தாள். கடைசியில் பலராமனும் தலையில் கைவைத்துக்கொண்டு சிரித்தான். "இருவத்தஞ்சு வருஷம் மனசுல வச்சிருந்து பழி வாங்கிட்டீங்களே மாமா! ஒரு ஆட்டுக்குட்டிக்கு இவ்ளோவா?" மதிவதனி அப்பாவின் காதைப் பார்த்தாள். சாதாரண நிறத்தில் இருந்தது.

சாப்பாடு முடிந்து கிளம்பும்போது எல்லம்மாள் லாரியை விரிப்போடு சேர்த்துத் தூக்கிக்கொண்டாள்.

"அண்ணா, இத நான் எடுத்துகினு போறேன். எங்க வீட்ல சாமி படத்துக்குப் பக்கத்துல வைக்கப் போறேன். தெனமும் இவரு கும்பிட்டுட்டு இதோட பின்பக்கத்தப் பார்த்துட்டுத்தான் வெளிய போகணும்."

"எடுத்துக்கம்மா" என்ற சகாதேவனின் கை மட்டும் ஸ்டெப்னியை ஒருமுறை தொட்டுவிட்டு வந்தது. "அப்ப எனக்கு?"

"இன்னொண்ணு செய்யறது" என்றாள் தங்கம்மாள். "அந்த ஒத்தச் செருப்பு சும்மாத்தானே கெடக்குது."

பலராமன் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே மதிவதனியைக் கூப்பிட்டான். "மதி கண்ணு, இந்தத் தடவ காலி வண்டிய அள. நாளைக்கே வா. நானே நிக்கறேன். சிரிக்குதா இல்லையான்னு நீயே பாரு."

"எத்தினி மணிக்கு லோடு ஏத்துவீங்க, மாமா?"

"எட்டு மணிக்கு." எல்லம்மாளைப் பார்த்துவிட்டு, "நூறு மூட்ட" என்று சேர்த்துக்கொண்டான்.

30.11.2003, ஞாயிறு.
இன்று செய்தது: ஒன்றும் வரையவில்லை. விருந்தாளிகள்.
தவறு: வளைவு சரிதான். வண்டியில் லோடு இருந்தது என்பதைப் படத்தில் எழுதாமல் விட்டிருக்கிறேன். அதைக் கேட்டு எழுதியிருக்க வேண்டும். சாரிடமும் கேட்டிருக்க வேண்டும். ரசத்தில் உப்பு விஷயம் அப்பா சொன்ன அளவுக்கு அடிக்கடி நடந்ததில்லை.
நாளைய வேலை: ஆறரை மணி பஸ்ஸில் கீழ்பென்னாத்தூர். லோடு ஏற்றுவதற்கு முன் காலி வண்டியை அளப்பது. முதலில் பின் ஸ்பிரிங், இரண்டு பக்கமும். பிறகு தரையிலிருந்து பாடியின் அடிமட்டம் வரை, ஒவ்வொரு சக்கரத்துக்கு நேராகவும்.